கரைப்பக்கம் திரும்பிய விளக்கு

இந்த வருஷம் நடுப் பெட்டி எனக்குத்தான் என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

நடுப் பெட்டி என்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் தபால்தலை சேகரிப்பவர்கள் பதினொரு பேர் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை நூலகத்து மாடியில் கண்காட்சி வைப்போம். சுவரோரமாகப் பத்துக் கண்ணாடிப் பெட்டிகள். கூடத்துக்கு நடுவில், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரே ஒரு பெட்டி. அதில் எதை வைப்பது என்று விதிப்படி பார்த்து முடிவு செய்பவர் நூலகர். சுவரோரம் வைத்தால் நீங்களும் ஏதோ சேர்க்கிறீர்கள். நடுவில் வைத்தால் நீங்கள்தான் ஆள்.

மூன்று வருஷமாக அந்த ஆள் பல் டாக்டர்.

பல் டாக்டர் நல்லவர். ஆனால் அவரும் சங்கத்து உறுப்பினர் என்பதால் அவரிடம் பல் காட்டப் போவது கஷ்டம். உங்களைச் சாய்த்து உட்காரவைத்து, வாய்க்குள் இரண்டு விரல், ஒரு கண்ணாடி, ஒரு குழாய் எல்லாம் விட்டபிறகுதான் தன் தபால்தலைகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். "இந்த வருஷமும் நடுப் பெட்டிக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். என்ன சொல்றீங்க?" என்பார். நீங்கள் "ஆ" என்பீர்கள். "சந்தோஷம்" என்பார்.

நான் சங்கத்துக்குச் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலி போடுபவர் என்று அர்த்தம். விதிமுறைகள் எழுதுகிற உரிமையும் உண்டு. இரண்டு வருஷம் முன்பு, டாக்டரை மடக்குவதற்காகவே ஒரு விதி எழுதினேன்: 'உறையிலிருந்து பிரிக்கப்படாத தபால்தலைக்கே நடுப் பெட்டி.' அவரிடம் இருப்பதெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தவை என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கிருந்தோ ஒரு உறையைக் கொண்டுவந்துவிட்டார். உள்ளே காலி. போன வருஷம் விதியில் ஒரு வரி சேர்த்தேன்: 'உறைக்குள் கடிதமும் இருக்கவேண்டும். அதை விரித்து, எல்லாரும் படிக்கும்படி பக்கத்தில் வைக்கவேண்டும்.' உள்ளே கடிதம் உள்ள உறையோடு வந்து நின்றார். யாரோ யாருக்கோ எழுதின மாட்டு வைத்தியம்.

இந்த இரண்டு வரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் எழுதினேன். என் சொந்தக் கையெழுத்து.

பகலில் நான் தபால் ஆபீஸில் கவுண்டர் குமாஸ்தா. மாலையில் வீட்டுக்கு வந்தால் ஆல்பம். முன்னறை அலமாரி முழுக்கப் பதினான்கு ஆல்பங்கள். வெயில் பட்டால் தபால்தலையின் நிறம் மங்கும் என்று அலமாரிக்குத் திரை போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் திரையை விலக்கி, ஓர் ஆல்பத்தை எடுத்து, இடுக்கியால் ஒரு தலையைத் தொட்டு, அதன் கதையை மனைவிக்குச் சொல்வேன். தபால்தலைக்குக் கதைதான் உயிர். கதை இல்லாவிட்டால் அது பசை தடவின காகிதம்.

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண் பரிசோதிப்பது, கண்ணாடிச் சில்லு பொருத்துவது, குண்டூசித்தலை அளவு திருகாணி முடுக்குவது எல்லாம் அவள்தான். கதை கேட்கும்போதும் கையில் ஏதாவது ஒரு கண்ணாடிச் சட்டம் இருக்கும்.

"இதோ பார், இந்தப் பாலம். தலையில் எத்தனை வளைவு இருக்கு?"

"ஆறு."

"நிஜப் பாலத்துல அஞ்சுதான். வரைஞ்சவர் ஒண்ணு கூடப் போட்டுட்டார். அச்சடிச்சு ஊரெல்லாம் போயாச்சு. தலையைத் திருத்தறதைவிடப் பாலத்தைத் திருத்தறது சுலபம்னு ஆறாவது வளைவைக் கட்டிட்டாங்களாம்."

அவள் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டாள். "தண்ணி அஞ்சு வளைவுல போயிட்டிருந்துச்சு. ஆறாவதுக்கு அடியில என்ன போச்சு?"

நான் ஆல்பத்தை மூடினேன்.

இன்னொரு நாள் ஆபீஸ் கதை. ஒரு பெரியவர் வீட்டுக்காரரைத் திட்டி எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். போட்டதும் மனசு கேட்கவில்லை. திருப்பிக் கொடு என்று கவுண்டரில் வந்து நின்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "ஐயா, பெட்டியில விழற வரைக்கும்தான் கடிதம் எழுதினவரோடது. விழுந்த நிமிஷத்திலேர்ந்து அது பெறுநரோட சொத்து. எழுதினவருக்கு அதுல ஒரு புள்ளிகூடச் சொந்தம் இல்லை."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"புத்தகம் எதுக்கு? நான் சொல்றேனே."

"சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் எங்கோ குறித்துக்கொண்டாள் என்று அர்த்தம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு அது புரிகிறது.

இரண்டு மாதம் முன்பு ஒரு சின்னத் தகராறு. தகராறு என்றுகூடச் சொல்லமுடியாது. அவள் ஒன்று கேட்டாள். நான் ஒன்று சொன்னேன்.

"ஏங்க, முன்னறை அலமாரியில ஒரு தட்டு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"கண்ணாடி வைக்க. கடையில செய்யக் குடுத்துட்டு வாங்கவே வராதவங்களோட கண்ணாடி. முப்பத்தாறு இருக்கு. முதலாளி தூக்கிப் போடச் சொல்றாரு. எனக்கு மனசு வரலை."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். சாய்ந்துகொண்டு சொன்னதெல்லாம் பின்னால் என் தலையிலேயே விடிந்திருக்கிறது. "பாரும்மா. அலமாரிங்கறது கதை இருக்கற பொருளுக்கு. என் தலை ஒவ்வொண்ணுக்கும் கதை இருக்கு. வாங்க வராத மூக்குக்கண்ணாடிக்கு என்ன கதை?"

"கேட்டாத்தானே தெரியும்."

நான் கேட்கவில்லை. முப்பத்தாறு கண்ணாடிகளும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் படுத்து, பரணுக்குப் போயின. அங்கே ஏற்கனவே அவளுடைய பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் நான் எழுதின கடிதங்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பேசி முடித்தபிறகு எட்டு மாதம் கழித்துத்தான் கல்யாணம். அவள் வேறு ஊர். கையில் போன் இருந்தது. ஆனால் தபால் ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு போனில் காதல் செய்வது எனக்குத் துரோகமாகப் பட்டது. நாற்பத்தொரு கடிதம் எழுதினேன். உறையின் மூலையில் வரிசை எண்கூடப் போட்டேன். அனுப்புநர் பெயர் மட்டும் எதிலும் போடவில்லை. தபால் பிரிக்கிற நண்பர்கள் பார்த்தால் என்னைப் பிரித்துவிடுவார்கள். அவள் மூன்று கார்டு போட்டாள். மூன்றிலும் சேர்த்து ஏழு வரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் மாதாந்திர தபால்தலைச் செய்தி மடல் கிடந்தது. பிரித்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. புதன்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை என்பதையும் யோசிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படத்தைப் பார்த்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று படித்தேன்.

ஏழு வருஷம் முன்பு வந்த தலை. கடலோரம் விளக்கு. ஒளிக்கற்றை நீளமாக அடிக்கிறது. ஆனால் கடல் பக்கம் இல்லை, கரைப் பக்கம், வீடுகளின்மேல். அச்சிட்டவர், வரைந்தவர், சரிபார்த்தவர் ஒருவரும் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்ற விளக்குக் காவலர் ஒருவர் மட்டும் மேலிடத்துக்கு எழுதினாராம்: 'முப்பத்தொரு வருஷம் நான் ஏற்றின விளக்கு. ஒரு நாளும் ஊர்ப்பக்கம் அடித்ததில்லை. அடித்திருந்தால் கப்பல் பாறைமேல் ஏறியிருக்கும், ஊரில் ஒருவரும் தூங்கியிருக்கமாட்டார்கள்.' மூன்றே நாளில் விற்பனையை நிறுத்தி, மீதியைத் திரும்ப வாங்கி எரித்துவிட்டார்கள், காரணத்தைக் கவுண்டர்காரர்களுக்குக்கூடச் சொல்லாமல். உறையும் கடிதமுமாகப் பிழைத்தது இதுவரை நாலே நாலுதான் தெரியும் என்று மடல் சொன்னது.

அந்த மூன்று நாளும் கவுண்டரில் அதை விற்றது யார்? நான். இரண்டாம் நாள் அவளுக்கு எழுதின கடிதத்தில் ஒட்டியது எதை? விரல்விட்டு எண்ணினேன். பதினேழாம் கடிதம். உலகத்தில் ஐந்தாவது உறை என் வீட்டுப் பரணில், முப்பத்தாறு மூக்குக்கண்ணாடிகளின் பக்கத்தில் கிடக்கிறது.

மறுநாளே பல் அடைக்கப் போனேன். டாக்டர் கையை வெளியே எடுத்த ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். "இந்த வருஷம் நடுப் பெட்டியை மறந்துடுங்க டாக்டர்."

"யாரோடது வருது?"

"அன்னைக்குப் பாத்துக்கலாம்."

அதற்கப்புறம் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே குடைந்தார் என்று நினைக்கிறேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று. கடிதத்தை எடுக்கவேண்டும். நேராகக் கேட்கலாம். எப்படிக் கேட்பது? கதை இல்லாத பொருளுக்கு அலமாரியில் இடமில்லை என்று அவள் பொருளைப் பரணில் ஏற்றினவன், அந்தப் பரணிலிருந்தே ஒன்றை இறக்கிக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பான்? அதனால் தந்திரம் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம், குரலை மென்மையாக்கிக்கொண்டு போனேன்.

"நம்ம பழைய கடிதமெல்லாம் எடுத்துப் படிக்கலாமா?"

அவள் சட்டத்தைக் கீழே வைத்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரம் இல்லையே."

"ஏன், ஆசைப்படக் கூடாதா?"

"தாராளமா. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு. வரிசையா. அவசரப்பட்டா கண்ணுக்குக் கெடுதல்."

"அந்தப் பதினாறு பதினேழுல ஏதோ ஒண்ணு ரொம்ப நல்லா எழுதினதா ஞாபகம். அதுலேர்ந்து ஆரம்பிக்கலாமே."

"முதல் வரி தெரியாம யாரும் கடைசி வரிக்குப் போகக் கூடாதுங்க. எங்க கடையில அப்படித்தான்."

டப்பா இறங்கியது. முதல் கடிதத்தை அவள் தன் கையிலேயே பிடித்துக்கொண்டாள். கடையில் எழுத்துப் பலகை காட்டுகிற மாதிரி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இந்த வரி தெரியுதா?"

"தெரியுது."

"படிங்க."

"'காலையில் உன்னை எழுப்புவது அலாரமாக இருக்காது. என் கையால் போட்ட டீயின் மணமாக இருக்கும்.'"

"தெளிவா இருக்கா, மங்கலா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு."

"நாளைக்கு ஆறு மணி" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னதால் விளையாட்டு என்று நினைத்தேன். காலை ஆறு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டே "மணம் வரலையே" என்றபோதுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. எனக்கு டீ போட அரைமணி ஆகும். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். பார்க்கும்வரை பொங்காது.

இரண்டாம் கடிதத்தில் அவள் துணிகளுக்கு நான்தான் இஸ்திரி போடுவேன் என்று எழுதியிருந்தேன். மூன்றாம் கடிதம் நிலாவைப் பற்றி. அன்று தப்பித்தேன். நாலாம் கடிதத்தில், 'உன் அம்மாவோடு வாரம் ஒருமுறை நானே போனில் பேசுவேன். மருமகனாக இல்லை, மகனாக.' மகன் என்று சொல்லிவிட்டதால் மாமியார் என்னிடம் முழங்கால் வலியை முழுசாகச் சொன்னார். ஐம்பது நிமிஷம். இரண்டு முழங்கால்.

"உனக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?" என்று ஒருநாள் இஸ்திரிப் பெட்டியும் கையுமாகக் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு ஞாபகம்? எழுத்துல இருக்கே."

"அப்போ ஏன் ஆறு வருஷமா ஒண்ணும் கேக்கலை?"

"நீங்கதானே இப்போ படிக்கலாம்னீங்க."

ஏழாம் கடிதத்தில் குளியலறைச் சாக்கடை. காதல் கடிதத்தில் சாக்கடை எப்படி வந்தது என்று எனக்கும் புரியவில்லை. ஏதோ வேகத்தில், 'நம் வீட்டில் நீ கை வைக்கக் கூசுகிற எதுவும் என் வேலை' என்று எழுதியிருக்கிறேன். அவள் அதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பன்னிரண்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். பதினாலில் ஒட்டடை. பதினைந்தாம் கடிதம் மறுபடி நிலா. அந்த நிலாவைப் போல ஒரு நிலா நான் பார்த்ததில்லை.

படித்து முடித்ததும் டப்பா அவள் தோள்பைக்குள் போகும். காலையில் அவளோடு கடைக்குப் போகும். சாயங்காலம் அவளோடு திரும்பி வரும். என் இளமை முழுக்கத் தினமும் பஸ்ஸில் போய்வந்தது.

ஆனாலும் பொறுத்தேன். விளக்கு கண்ணில் தெரியும்போது துடுப்பை எவன் விடுவான்?

பதினேழாம் நாள் வந்தது. இடுக்கியைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னைக்கு நீங்களே எடுங்க" என்று டப்பாவை என்னிடமே நீட்டினாள்.

பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சீட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த சீட்டு. பட்டுவாடா சமயத்தில் வீடு பூட்டியிருந்தால் நாங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவோமே, அது. செல்லாத பழைய படிவங்களைக் கடைச்சாமான் பட்டியல் எழுத நான்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கோடிட்ட இடங்களை அழகாக நிரப்பியிருந்தாள்: 'தங்களுக்குக் காட்டவேண்டிய தபால்: 1. எண்: 17. காட்ட இயலாத காரணம்: தாங்கள் நேராகக் கேட்கவில்லை. பார்வையிட: நூலக மாடி.'

சீட்டை இரண்டு தரம் படித்தேன்.

"மடலை நீ முன்னாடியே படிச்சிட்டியா?"

"புதன்கிழமை மத்தியானமே. லென்ஸ் வெச்சுப் பாத்தேன். தலை நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல ஒரு பல்லுகூட உடையலை. அன்னைக்குச் சாயங்காலமே நூலகத்துல குடுத்துட்டேன்."

"நூலகர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவர் யார்கிட்டத்தான் பேசினாரு?"

அதுவும் சரிதான். முப்பது வருஷம் அமைதி காக்கச் சொல்லிச் சொல்லி அந்த மனுஷர் தானே அமைதியாகிவிட்டார்.

"அது என் கடிதம்மா" என்றேன்.

"பெட்டியில விழற வரைக்கும்."

"அது..."

"விழுந்த நிமிஷத்திலேர்ந்து பெறுநரோட சொத்து. எழுதினவருக்கு ஒரு புள்ளிகூடச் சொந்தம் இல்லை. எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டேன். நீங்க சொன்னா போதும்னீங்க."

நான் இடுக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் எடுத்துத் தன் திருகாணி டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

கண்காட்சி அன்று காலையும் ஆறு மணிக்கு டீ போட்டேன். நாற்காலி போடவேண்டும் என்று ஓட்டமாக ஓடினேன். மாடியில் நடுப் பெட்டிக்குமேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. பத்து மணிக்கு நூலகர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் துணியை எடுத்தார்.

உறை. மூலையில் விளக்கு. ஒளி கரைப்பக்கம். முத்திரை பூ மாதிரி ஒரு ஓரத்தில் விழுந்திருந்தது. முத்திரை குத்தியதும் நான்தான். பெறுநர் பெயர்மேல் ஒரு காகிதப் பட்டி ஒட்டியிருந்தாள். கீழே அட்டையில் சின்ன எழுத்து: 'பிழைத் தலை, உறையோடும் கடிதத்தோடும். உரிமையாளர்: பெறுநர் (பெயர் சொல்ல விருப்பமில்லை). அனுப்புநர்: தெரியவில்லை.'

பக்கத்தில் கடிதம், விரித்தபடி. எல்லாரும் படிக்கும்படி. நான் எழுதின விதிப்படி.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கடைசிப் பாரா தெரியுதா?"

குனிந்து படித்தேன். படித்ததும் நிமிர மனசு வரவில்லை. 'நம் வீட்டு முன்னறையில் ஓர் அலமாரி இருக்கும். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை உன் பொருள்கள் மட்டுமே அதில் இருக்கும். என் ஆல்பங்களுக்குக் கட்டிலுக்கு அடியே போதும். விளக்குக்கு எதற்கு அலமாரி? இப்படிக்கு, உனக்காகவே எரியும் கலங்கரை விளக்கம்.'

"தெளிவா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"பயப்படாதீங்க. யாரு எழுதினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. என் பேரை மூடியாச்சு. உங்க பேரை நீங்க போடவே இல்லை. பேசாம இருந்தீங்கன்னா அலமாரி உங்களோடதாவே இருக்கும். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சத்தியமா."

"சத்தியமா?"

"வாயைத் திறக்காம இருந்தா போதும்."

இதைவிட எளிய நிபந்தனையை யாராவது கேட்டதுண்டா? வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

பல் டாக்டர் வந்தார். சுவரோரம் இருந்த தன் பெட்டியைக்கூடப் பார்க்காமல் நேரே நடுவுக்கு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். கால்மணி நேரம் குனிந்தே இருந்தார். கூட்டம் சேர்ந்தது. சங்கத்தார் பதினொரு பேரும், கூட வந்த குடும்பங்களும்.

"எவனோ கலங்கரை விளக்கம்னு கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றார் முதலில். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டே.

பிறகு அவர் குரல் மாறியது. "சிரிக்காதீங்க. இவன் சாதாரண ஆள் இல்லை. மூணே நாள் வித்த தலை. ஊரே பாக்காத பிழையை இவன் பாத்திருக்கான். பாத்துட்டு என்ன பண்ணியிருக்கான்? ஆல்பத்துல ஒளிச்சு வைக்கலை. உறையில ஒட்டி, முத்திரை படத்து மேல விழாத மாதிரி இடம் விட்டு, ஒரு கடிதத்துக்குள்ள பத்திரப்படுத்தி அனுப்பியிருக்கான். முப்பது வருஷமா நானும் சேக்கறேன். இந்தக் கண்ணு எனக்கு இல்லை. அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, நடுப் பெட்டியை இனிமே நீயே வெச்சுக்கப்பான்னு சொல்லிடுவேன்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் அன்று அந்தத் தலையைப் பார்க்கவே இல்லை. கையில் வந்ததை எச்சில் தொட்டு ஒட்டினேன். ஆனால் டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வந்தது. ஆமாம், பார்த்தேன். ஒளி கரைப்பக்கம் அடிப்பதைக் கண்டு புருவத்தைத் தூக்கினேன். இடம் விட்டு ஒட்டினேன்.

மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான்" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் என் குரல்.

நூலகர்கூடத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் என் கையைப் பிடித்தார். சொன்னபடியே குலுக்கினார். மூன்று வருஷமாக நான் ஏங்கின குலுக்கல். சுமார் ஐந்து நொடி நீடித்தது.

"அப்போ கடிதமும் நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான்."

மனைவி வணக்கம் சொல்லிவிட்டு, விரல் நகத்தால் காகிதப் பட்டியின் ஒரு முனையை உரித்தாள். பெட்டியின் கண்ணாடி எப்போது திறந்தது என்று நான் பார்க்கவில்லை. அவள் பெயர் வெளியே வந்தது. டாக்டர் மறுபடி குனிந்து, தன் பல் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோலத் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, கடைசிப் பாராவைப் படித்தார். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அருமை. இப்போ அந்த அலமாரியில யாரோட பொருள் இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அவருக்கு அது பழக்கம்தான்.

"ஆ" என்றேன் கடைசியில்.

"சந்தோஷம்" என்றார்.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலுக்கு வந்தபிறகு கேட்டேன்.

"வாயைத் திறக்காதேன்னுதானே சொன்னே?"

"சொன்னேன். நீங்க கேப்பீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"சரி. எழுதினது எழுதினதுதான். நாளைக்கு ஒரு நாள் டைம் குடு. ஆல்பத்தையெல்லாம் நானே எடுத்துடறேன்."

"அவசரமே இல்லைங்க" என்றாள், மிகவும் அன்பாக.

கதவைத் திறந்தேன். அலமாரியின் திரை விலகியிருந்தது. மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை முப்பத்தாறு மூக்குக்கண்ணாடிகள், எல்லாம் வாசலைப் பார்த்து, எல்லாம் என்னைப் பார்த்து. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டின சின்னத் துண்டுக் காகிதம், அதில் பொடி எழுத்து. முதல் கண்ணாடியின் துண்டை மட்டும் புரட்டிப் பார்த்தேன். 'கப்பலில் சமையல்காரர். திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கடல் பார்க்க என்றால் தூரப் பார்வை போதுமா என்று கேட்டார்.' அதற்குமேல் என்ன என்று கேட்கத் திரும்பினேன். கேட்டால்தானே தெரியும். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

நடுத்தட்டில் ஒரு பழுப்புச் சீட்டு சாய்த்து வைத்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த படிவம். 'பதினான்கு ஆல்பங்கள் இந்த விலாசத்தில் இல்லை. புதிய விலாசம்: கட்டிலுக்கு அடியில்.' கீழே தேதியும் நேரமும் போட்டிருந்தாள். இன்று காலை ஆறு இருபது.

அப்போது நான் அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன்.